‘கேஸ்தான் சிஸ்டர்’

“கேஸ்தான் சிஸ்டர். ஒரு ஊசி போட்டா சரியாயிடும்.”

சென்னை அம்பத்தூரில் எம்.டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன நர்சிங் ஹோமில் 1996-இல் ஈசிஜி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரத்தில் காதில் விழுந்த இந்தப் பேச்சைப் போன வாரமும் கேட்டேன். சொல்கிறவர் நெஞ்சுக்கு நடுவே கையை வைத்துக்கொண்டுதான் சொல்வார். சில பேர் விரல்களை மடக்கி, முஷ்டியாக வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்கள். சட்டைக் காலர் நனைந்திருக்கும். கூட வந்த மனைவியின் கையில் பாதி குடித்த சோடா பாட்டிலோ, ஓம வாட்டரோ இருக்கும். பூண்டை நெருப்பில் சுட்டுத் தின்ன வைத்து, அது கேட்கவில்லை என்று கூட்டி வந்தவர்களும் உண்டு.

நெஞ்சு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதயத்தில் ஒன்றும் இருக்காது. புளிச்ச ஏப்பம், சதைப் பிடிப்பு, பயம் என்று ஏதோ ஒன்று. அதனால்தான் ‘கேஸ்’ என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இவ்வளவு செல்வாக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் மச்சானுக்கும் அது கேஸாகவே இருந்திருக்கிறது. நமக்கும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு ராத்திரியைத் தள்ளிவிடுகிறார்கள். என் மேஜைக்கு வரும் காகிதத்தில் அந்த ராத்திரி அப்படியே பதிவாகியிருக்கும்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆளைப் படுக்க வைத்து, கை கால்களில் நான்கு கிளிப் மாட்ட வேண்டும். வலது கையில் சிவப்பு, இடது கையில் மஞ்சள், இடது காலில் பச்சை, வலது காலில் கறுப்பு. பிறகு நெஞ்சில் ஆறு பல்பு, அதாவது உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் குமிழ்கள். முதல் பல்பு எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த சீனியர் சிஸ்டர், என் விரலைப் பிடித்து அவருடைய கழுத்துக் குழியிலிருந்தே இறக்கிக் காட்டினார். நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால் நான்காவது விலாவுக்குக் கீழே ஒரு பள்ளம். எலும்புக்கு வலது பக்கம் முதல் பல்பு, இடது பக்கம் இரண்டாவது. நான்காவது பல்பு இன்னும் ஒரு விலா கீழே, காறை எலும்பின் நடுவிலிருந்து கோடு இழுத்தால் வரும் இடத்தில். மூன்றாவது அதற்கும் இரண்டாவதுக்கும் நடுவே. மிச்சம் இரண்டும் நான்காவதன் மட்டத்திலேயே அக்குள் பக்கமாகப் போகும். ஒரு பல்பு ஒரு விலா தள்ளி உட்கார்ந்தால்கூடக் காகிதம் வேறு கதை சொல்லும். சிவப்பும் மஞ்சளும் கைமாறிப் போனால் முதல் லீட் என்கிற கோடு தலைகீழாக வரும், டாக்டர் பதறிப் போவார். வேலைக்கு வந்த புதிதில் இரண்டு முறை அந்தத் தப்பைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் மாட்டி முடித்த பிறகு நிறத்தை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறேன்.

பல்புக்கு அடியில் தடவும் ஜெல்லி தீர்ந்துபோன நாட்களில் சலைனில் நனைத்த பஞ்சை வைத்து எடுத்திருக்கிறோம். அதில் தவறில்லை. ஈசிஜி கருவியை நூறு வருஷத்துக்கும் முன்னால் நெதர்லாந்தில் ஐந்தோவன் உருவாக்கியபோது, நோயாளியின் கையையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளிக்குள் வைத்துத்தான் எடுத்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின்சாரம் ஒரு மில்லிவோல்ட் அளவுதான். கருவி அதைப் பத்து மில்லிமீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கோடாக வரைகிறது. காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும்.

கோடு வரும்போது நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம், முகம் மாறக் கூடாது என்பது. படுத்திருப்பவர் காகிதத்தைப் பார்க்க மாட்டார், என் கண்ணைத்தான் பார்ப்பார். கோட்டில் எஸ்.டி. என்கிற பகுதி ஏறியிருக்கிறது என்பது இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். மேடு போலக் கோடு எழும்பி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நிற்கும். இதய ரத்தக் குழாய் ஒன்று முழுசாக அடைத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். அப்போதும் நான் “இருங்கண்ணே, டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நடையை மாற்றாமல் கதவு வரைக்கும் போவேன். கதவைத் தாண்டியதும் ஓடுவேன்.

1999-இல் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுத வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவர். நாற்பத்தொரு வயசு. காலை பதினோரு மணிக்குக் கூட வேலை செய்கிறவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். விடியற்காலையில் நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்ததாம், பிறகு விட்டுவிட்டதாம், ஷிஃப்டுக்குப் போன பிறகு திரும்பவும் வந்ததாம். ஈசிஜி எடுத்தேன். சுத்தமாக இருந்தது. டாக்டர் தியேட்டரில் இருந்தார். அந்த மனிதருக்கு அரை நாள் சம்பளம் போய்விடும் என்ற கவலை. “எப்படி இருக்கு சிஸ்டர்?” என்று கேட்டார். நான், “நார்மலா இருக்குண்ணே, பயப்படாதீங்க” என்றேன். டாக்டரைப் பார்க்காமலே கிளம்பிப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே படுக்கை, அதே பல்பு. முதல் நான்கு நெஞ்சு லீட்களிலும் எஸ்.டி. ஏறியிருந்தது. இதயத்தின் முன்சுவர் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து, பதினைந்து லட்சம் யூனிட், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் எக்கோ எடுத்தபோது இதயத்தின் பம்ப் 35 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. 55-க்கு மேல் இருக்க வேண்டியது. லேத்திலிருந்து அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஓவர்டைம் போயிற்று. பெரிய பையனின் பாலிடெக்னிக் படிப்பு ஒரு வருஷம் நின்றது.

அவர் இப்போதும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை வருகிறார். என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான்தான் மறக்கவில்லை. ஈசிஜி என்பது எடுத்த அந்தப் பத்து விநாடியின் படம். அதற்கு முன் வந்து போன அடைப்பை அது காட்டாமல் போகலாம், பிந்தைய மணி நேரத்துக்கும் உத்தரவாதம் தராது. குழாய் பாதி அடைத்து, திறந்து, மறுபடி அடைக்கிற நேரத்தில், திறந்திருக்கும்போது எடுத்தால் கோடு ஒழுங்காகவே வரும். அதனால்தான் வலி தொடர்ந்தால் பதினைந்து, இருபது நிமிஷத்தில் மறுபடி எடுக்கிறோம். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் விட்டு இரண்டாவது தடவை செய்கிறார்கள். அன்றைக்குப் பிறகு ‘நார்மல்’ என்ற வார்த்தையை நான் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை. அது டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தை.

எங்கள் ஏரியா முழுக்க முழுக்க உழைப்பாளிகளின் ஏரியா. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகள், ஆவடியில் டாங்க் ஃபேக்டரி, ராணுவ உடை தைக்கும் ஃபேக்டரி, பெரம்பூர் பக்கம் ரயில் பெட்டித் தொழிற்சாலை. மூன்று ஷிஃப்டும் ஓடிய ஊர். ‘உழைக்கிற உடம்புக்கு ஹார்ட் அட்டாக் வராது’ என்று அழுத்தமாக நம்புகிறவர்கள் இங்கே அதிகம். மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கும் உழைப்பு, வேக நடை தரும் பலனை இதயத்துக்குத் தருவதில்லை. அதோடு ராத்திரி ஷிஃப்ட், இரண்டு மணிக்குப் பரோட்டா சால்னா, தூக்கத்தை விரட்ட டீயும் சிகரெட்டும்.

டீயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் நாளைக்கு ஆறு டீ குடிப்பவர் சாதாரணம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பன்னிரண்டு ஸ்பூன், ஐம்பது கிராம் ஆகிவிடும். ஒரு நாள் முழுவதற்குமாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே அவ்வளவுதான். சாப்பாட்டைத் தொடுவதற்கு முன்னால் டீயிலேயே தீர்ந்துவிடுகிறது. டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்வதில்லை. முதலில் ஸ்பூனைப் பாதியாக்குங்கள், ஒரு மாசத்தில் நாக்கு பழகிவிடும் என்பேன். பழகியவர்கள் திரும்ப வந்து சொல்லியிருக்கிறார்கள்.

உப்புக்கு என் அம்மா ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, “சமைக்கிறவ எங்கடி கிராம் நிறுத்துப் போடுவா?” என்று கேட்டார். பிறகு அவரே வழி சொன்னார். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு இருபது கிராம், மாசத்துக்கு அறுநூறு. ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாசம் முடிவதற்குள் தீர்ந்துகொண்டிருந்தது! அதிலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் இவற்றில் உள்ள உப்பு அந்தப் பாக்கெட்டில் சேராது. அன்றிலிருந்து பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதி வைக்கிறார். எண்ணெய்க்கும் அதே கணக்குதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாசம் மூன்று லிட்டரும் கொஞ்சமும். நான் எத்தனையோ கேம்ப்களில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் இந்தத் தேதி எழுதும் பழக்கம் செய்த வேலையை எந்த நோட்டீஸும் செய்யவில்லை.

ஆவடியில் ஒரு குடியிருப்போர் சங்கம் நடத்திய கேம்ப் ஞாபகம் வருகிறது. இடுப்பு அளக்க வைத்திருந்த டேப் காணாமல் போயிற்று. ராணுவ உடை ஃபேக்டரியில் தையல்காரராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், வீட்டிலிருந்து தன் டேப்பைக் கொண்டுவந்து, “நகரும்மா, இது என் தொழிலு” என்று தானே அளக்க உட்கார்ந்துவிட்டார். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்கு மேல் போனால் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். வரிசையில் நிற்பவரைப் பார்த்ததுமே இஞ்ச்சைச் சொல்லிவிட்டு, பிறகு டேப்பைப் போடுவார். அரை இஞ்ச்கூடத் தப்பவில்லை. ஒல்லியான கை காலும் முன்னால் தள்ளிய வயிறுமாக வந்தவர்களை ஓரமாக நிறுத்தி, “பேண்ட் சைஸ் எத்தனை வருஷத்துல மாறுச்சு?” என்று விசாரித்தார். டாக்டர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. மொத்த எடையைவிட வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் நம் ஆட்களுக்கு ஆபத்து.

மாரடைப்பின் காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. அதை நடத்திய சலீம் யூசுஃப் கேரளத்தில் பிறந்தவர். புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய் பழம் சாப்பிடாதது, உடற்பயிற்சி இல்லாதது, மது என்ற ஒன்பது விஷயங்களே முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்றது அந்த ஆய்வு. நம் தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது, மற்றவர்களுக்கு 59-ஐ நெருங்கும்போதுதான் என்று அதன் தொடர்ச்சியாக 2007-இல் சொன்னார்கள். அந்த ஆறு வருஷம் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அட்டாக் வரும்போது வீட்டுக் கடன் பாக்கி இருக்கும், மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

நடை பற்றிச் சொல்லும்போது ஆட்கள் சுலபமாகத் தலையாட்டிவிடுவார்கள். வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் நடந்தால் போதும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தம் செய்து 2019-இல் நடைபாதையோடு திறந்த பிறகு எத்தனை பேர், அதிலும் பெண்கள், காலையில் நடக்கிறார்கள் என்று பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. நடக்க ஒரு நல்ல இடம் கொடுத்தால் மக்கள் நடக்கிறார்கள். பூந்தமல்லி ரோட்டிலும் எம்.டி.எச். ரோட்டிலும் பிளாட்ஃபாரமே இல்லாத இடங்களில் ‘வாக்கிங் போங்க’ என்று நான் யாரிடம் சொல்வது? ஒவ்வொரு வார்டிலும் அப்படி ஓர் ஏரிக்கரையோ பூங்காவோ கேட்டு வாங்க வேண்டும். மாத்திரைக்குச் சமமான விஷயம் அது.

நடையில் இன்னொன்றும் இருக்கிறது. அம்பத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டை நான் ‘இலவச டிரெட்மில்’ என்பேன். எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க மேம்பாலப் படி ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது, மேலே போய் இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுகிறது, போன மாசம் இப்படி இல்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் படுக்கையில் எடுக்கும் ஈசிஜி சுத்தமாக வந்தாலும் நான் டாக்டரிடம் அந்தப் படிக்கட்டுக் கதையைத் தனியாகச் சொல்வேன். குழாய் சுருங்கியிருப்பவருக்கு ஓய்வில் ரத்தம் போதும், ஏறும்போதுதான் போதாது. வேலை செய்தால் வந்து, நின்றால் போகும் வலி. தாடைக்கும் இடது தோளுக்கும் பரவும் வலி. இந்த வலி உள்ளவர்கள்தான் முன்கூட்டியே பிடிபடக்கூடியவர்கள். ஆனால் இவர்கள்தான் படியை விட்டு லிஃப்டுக்கு மாறிக்கொண்டு, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பூந்தமல்லி மார்க்கெட் பக்கம் பூக்கட்டும் ஓர் அம்மா. ஐம்பத்தாறு வயசு, பத்து வருஷமாகச் சர்க்கரை. அவருக்கு நெஞ்சு வலியே வரவில்லை. இரண்டு நாளாக மூச்சு வாங்கியது, முதுகு நடுவில் கனத்தது, ராத்திரி வேர்த்துக் கொட்டியது. முதல் நாள் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். ஈசிஜி எடுக்க ஆண் டெக்னீஷியன் இருந்ததால், ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டேன் என்று திரும்பிவிட்டார். அதற்கு அடுத்த நாள் மருமகள் என்னிடம் கூட்டி வந்தாள். கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்து, புடவை முந்தானையை மேலே போர்த்தி, அதற்கு அடியில் கையை விட்டுப் பல்புகளை வைத்தேன். விரலெல்லாம் நாரால் கீறிய தழும்பு, கையில் மல்லிகை வாசனை. காகிதத்தில் அட்டாக் பழசாகிப் போயிருந்தது. கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது.

சர்க்கரை நோய் நரம்பைத் தின்றுவிட்டால் இதயம் வலியைச் சொல்லாது. வலியில்லாமல் வரும் மூச்சிரைப்பும் வேர்வையும் களைப்பும்தான் அப்போது அடையாளம். சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்றது. அவர்களில் எத்தனை அம்மாக்கள் ஜாக்கெட் கூச்சத்தால் திரும்பிப் போவார்கள்? ஈசிஜி அறையில் ஒரு பெண் ஊழியரும் ஒரு போர்வையும் இருக்க வேண்டும் என்பது ஆடம்பரமான கோரிக்கை கிடையாது. பல இடங்களில் இன்றும் இல்லை.

இனி நல்ல செய்தி. நான் வேலைக்கு வந்த காலத்தில் இதய ஆஸ்பத்திரி என்றாலே ஏதோ வேறு உலகம். ஆனாலும் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் ஆபரேஷன் 1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். பின்னாளில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். முகப்பேரில் அது வந்ததால் எங்களுக்கு இதய ஆஸ்பத்திரி பாடி மேம்பாலத் தூரத்தில் வந்துவிட்டது. செரியன் 2025 ஜனவரியில் காலமான செய்தி வந்த அன்று, ரயில்வேயில் இருந்து ரிட்டயரான ஒரு பெரியவர் சட்டையை விலக்கி நெஞ்சில் உள்ள நீளத் தழும்பை எனக்குக் காட்டினார்.

அதே மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரியும் கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஒன்றைச் செய்து காட்டினார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்து, ஈசிஜியை உடனே அங்கே அனுப்பி, ஊசி போட வேண்டியவருக்கு வந்த இடத்திலேயே போட்டு, பிறகு ஆஞ்சியோவுக்கு ஆம்புலன்ஸில் ஏற்றுவது. 2420 நோயாளிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2-ஆகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற மருந்தை நேரத்துக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இப்போது எங்கள் மாதிரிச் சின்ன இடங்களிலும் ஈசிஜி எடுத்த மறு நிமிஷம் போட்டோ எடுத்து கார்டியாலஜிஸ்ட்டுக்கு வாட்ஸ்அப் போகிறது. 2023-இல் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். கரைக்கும் ஊசி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பெரும்பாலும் பயனில்லை. இத்தனை ஏற்பாடும் நோயாளி வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் தொடங்குகிறது. சோடா குடித்துக் காத்திருக்கும் நேரத்தை எந்த ஆஸ்பத்திரியும் திருப்பித் தர முடியாது.

அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்துத் தேறியவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆறு மாசம் ஆனதும், “நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு இத்தனை மாத்திரை?” என்று தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்று நிறுத்திவிட்டு, பிறகு தொடங்க மறந்தவர்கள் உண்டு. ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் கம்பி வலை. அதன் மேல் சதை மூடி ஆறும் வரைக்கும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரண்டு மாத்திரைகள்தான். இதய டாக்டரைக் கேட்காமல் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. பிரஷர் மாத்திரையும் அப்படியே. “எனக்குத் தலைவலியே வந்ததில்ல, எனக்கு எப்படி பிபி?” என்று 170-க்கு 110 வைத்துக்கொண்டு கேட்ட வெல்டரை எனக்குத் தெரியும். பிபி வலிக்காது, அளந்தால்தான் தெரியும். முப்பது வயசு தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக என் அம்மாவுக்குப் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண், திண்ணையில் உட்கார்ந்து பிபி பார்த்துவிட்டு, போன மாச அட்டையில் மிச்சம் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பாள். மிச்சம் இருந்தால் அம்மாவுக்குத் திட்டு விழும். எனக்குப் பிடித்த சுகாதார ஊழியர் அவள்தான்.

அந்த லேத்காரர் போன மாசம் வந்திருந்தார். இப்போது அறுபத்தேழு வயசு. சிகரெட்டை அட்டாக் வந்த அன்றே விட்டவர். தினம் ஏரிக்கரையில் மெதுவாக நடக்கிறார், பம்ப் 40-க்கு ஏறியிருக்கிறது. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் எப்போதும் இருக்கும். 1999-இலிருந்து எடுத்த எல்லா ஈசிஜியும் வரிசையாக, எல்லாம் ஜெராக்ஸ். அந்தப் பழக்கம் அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது. ஈசிஜி வரும் காகிதம் சூட்டில் எழுதும் தெர்மல் காகிதம், மூன்று நான்கு வருஷத்தில் வெளுத்துவிடும். பீரோவில் பத்திரமாக வைத்த ஈசிஜியை அவசரத்துக்கு எடுத்தால் வெறும் ரோஜா நிறக் கட்டம்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டாக்டர் உங்கள் கோட்டைப் பார்த்து, இது புதுசா, பழசா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும்போது, உங்கள் பழைய ஈசிஜியைப் போல உதவுவது வேறில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது எப்போதாவது ஈசிஜி எடுத்திருந்தால், இன்றைக்கே தேடி எடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து, மேலே தேதியும் வயசும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் எழுதி, செல்போனிலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நெஞ்சில் அடைப்பது போல இருந்தால் சோடாக் கடைக்கு ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் வராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கே கொண்டுபோனாலும் அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.